இரண்டாவது டேங்க்

"ரெண்டாவது டேங்க் தானா நகருதுங்க" என்று மயில்சாமி வந்து நின்றபோது பூங்கோதைக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் செய்து கொடுத்த பெட்டி. அதன் குறை அவளுக்குத் தெரியாதா?

"நாந்தான் சொன்னேன்லங்ணா. ரெண்டாவது ஆளுக்கு பட்டன் வெக்கல, அந்த ஒயரெல்லாம் உள்ள சும்மா சுத்தி விட்டிருக்கேன். அதனால அந்த டேங்க் மூலைல நின்னு நடுங்கிட்டே கெடக்கும், கண்டுக்காதீங்கன்னு."

"நடுங்கலீங்க அம்மணி." பேக்கரியிலிருந்து அப்படியே வந்திருந்தார். முழங்கை வரை மைதா. "என்ற டேங்கப் புடுங்கிக்கிச்சு."

பூங்கோதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பகலில் அவள் கணபதியில் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் கன்ட்ரோல் போர்டுகளைச் சோதிப்பவள். மாலையில் மாடி அறையில் வேறு வேலை. தொண்ணூறுகளில் டி.வி.யில் சொருகி விளையாடிய வீடியோ கேம் பெட்டிகளை யாராவது பரணிலிருந்து எடுத்துவந்து கொடுத்தால், கையில் பிடித்து விளையாடும்படி சுருக்கித் தருவாள். அந்தப் பெட்டிகளின் போர்டில் பாதிக்கு மேல் வெறும் இடம்தான். அதை ஹேக்ஸா பிளேடால் அறுத்துத் தள்ளிவிட்டு, கறுப்புப் பொட்டு வைத்தது போல் இருக்கும் சிப்பை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொள்வாள். காரின் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கிற சின்னத் திரை, பழைய லேப்டாப்பில் உருவிய பேட்டரி, எலக்ட்ரிக்கல் கடை ஜங்ஷன் பாக்ஸ், எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் பாக்ஸ் அளவில் வந்து நிற்கும். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெரிய மனிதர்கள் அதை வாங்கி, கேசட்டை வாயால் ஊதி ஊதிச் சொருகுவார்கள். ஊதினால் எச்சில்தான் படியும், கேசட் சரியாகாது என்று அவள் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

மயில்சாமி கொண்டுவந்தது அவரும் தம்பி குகனும் சிறுவயதில் விளையாடிய பெட்டி. கேசட்டின் மேல் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது இருபதோ என்னவோ, மீதியெல்லாம் அதே விளையாட்டுகள் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறவை. அண்ணன் தம்பி இருவரும் ஆடியது அதில் ஒன்றைத்தான். ஆளுக்கு ஒரு பீரங்கி டேங்க். நடுவில் செங்கல் கோட்டை. எதிரி வந்து கோட்டையை உடைக்காமல் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும். ஆளுக்கு மூன்று டேங்க் கொடுப்பார்கள். ஒருவருக்கு மூன்றும் போய்விட்டால், பி பட்டனை அழுத்திக் கூட்டாளியின் இருப்பிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளலாம். பி பட்டனுக்கு அந்த விளையாட்டில் வேறு வேலையே கிடையாது.

மயில்சாமி அந்தக் காலத்தில் தம்பியிடம் பிடுங்காத நாள் இல்லை. தம்பி ஒரு நாளும் பிடுங்கியதில்லை. அழுதுகொண்டே அம்மாவிடம் போய்ச் சொல்லுவான், அவ்வளவுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் அவினாசி ரோட்டில் பைக்கோடு விழுந்த குகன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருக்கும். மூக்கில் குழாய். ஊட்டினால் இறங்கும், திருப்பினால் திரும்புவான். உள்ளே நினைவு இல்லை என்று டாக்டர்கள் நயமான வார்த்தைகளில் சொல்லிவிட்டார்கள். தம்பி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, ஏதாவது கையில் இருந்தால் தேவலை என்றுதான் மயில்சாமி அந்தப் பெட்டியைச் செய்யச் சொன்னார். விளையாடும்போது மணிக்கட்டு வலித்தால் பெட்டியைத் தம்பியின் கைமேல் சாய்த்து வைத்துக்கொள்வாராம்.

"அவன் கைல வெச்சாத்தான் அம்மணி நகருது. எடுத்துக் கீழ வெச்சா நடுங்குது."

பூங்கோதையின் சிரிப்பு நின்றது.

அன்றே அவர் வண்டியில் ஏறிப் போனாள். பேக்கரிக்கு மேலே வீடு. படியேறும்போதே தேங்காய் பன் வாசம். குகன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் முதலில் பெட்டியை மேசைமேல் வைத்தாள். இரண்டாவது டேங்க் மூலையில் நின்று நடுங்கியது. மயில்சாமியின் கையில் கொடுத்து ஆடச் சொன்னாள். அவர் முதல் டேங்கை நகர்த்த, இரண்டாவதும் கூடவே நகர்ந்தது, அதுவும் ஒரு இமைப்பொழுது முன்னால். அப்புறம் குகனின் கைமேல் வைத்தாள். டேங்க் நடுக்கத்தை நிறுத்தியது. கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எதிரி வரும் பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமில்லை, இது எப்படி என்கிற ஆவல். அந்த ஆவல் வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"இரைச்சல் வரக்கூடாதுன்னு பொட்டிக்குள்ள செப்புத் தகடு ஒட்டியிருந்தேன்ணா. அந்தச் சும்மா கெடக்கற ஒயரெல்லாம் அதுமேல பட்டிருக்குது. நாம விரலை அசைக்கணும்னு நெனச்சாவே கைக்குத் துளியூண்டு கரண்டு வரும். விரல் அசைஞ்சாலும் வரும், அசையாட்டியும் வரும். இந்தப் பழைய சிப்பு சும்மா விட்ட ஒயர்ல அத்தனையும் கேக்கும் போல. உங்க கைல இருந்தப்ப அது முன்னாடியே நகர்ந்துச்சே, அதான்."

"அப்ப இவன்..."

"நெனைக்கறாருங்ணா."

மயில்சாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில எத்தனை மெஷின் வெச்சுப் பாத்தாங்க!"

"அவங்க அரை மணி நேரம் வெச்சிருப்பாங்க. நீங்க வாரக்கணக்கா வெச்சிருந்தீங்க. அதுவுமில்லாம, யாரும் அவரை வெளையாடக் கூப்பிடலையே."

மயில்சாமி பெரிய உருவம். அப்படியொரு உருவம் குலுங்கிக் குலுங்கி அழுது அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. "டேய், புடுங்கிட்டயேடா" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அடுத்த நாள் அவள் பெட்டியைத் திறந்து, சுருட்டி விட்டிருந்த ஒயர்களை வெளியே நீட்டி, ஒரு கையுறையில் செப்புப் பட்டைகள் ஒட்டி அவற்றோடு சேர்த்தாள். நாலு திசைக்கு நாலு, சுடுவதற்கு ஒன்று, பிடுங்குவதற்கு ஒன்று. ஒயருக்கு அவள் தேடி அலையவில்லை. பம்பு கம்பெனி ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் மோட்டார் சுற்றுகிற வைண்டிங் கம்பிதான். கைக்கு எட்டிய சுருளிலிருந்து வெட்டிப் பற்றவைத்தாள். கையுறையைக் குகனுக்குப் போட்டுவிட்டால், பெட்டியை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு அவனோடு விளையாடலாம்.

விளையாட்டோடு நிற்குமா? டேங்க் இடப்பக்கம் போனால் ஆமாம், வலப்பக்கம் போனால் இல்லை என்று வீட்டில் வழக்கமாகிவிட்டது. முதுகு அரிக்கிறதா? இடம். ஃபேனைக் குறைக்கட்டுமா? வலம். நான்கு வருடமாக இந்த அறையில் பேசியதெல்லாம் உனக்குக் கேட்டதா என்று மயில்சாமி கேட்டபோதும் டேங்க் இடப்பக்கம்தான் போனது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் அந்த வீட்டுப் படி ஏறுவது குறைந்தது. குகன் போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்று கட்டிலருகில் நின்று சத்தமாகச் சொன்ன பெரியப்பா ஒருவர், முழங்கால் வலி என்று சொல்லி வரவே இல்லை.

விஷயம் வெளியே பரவி, உடுமலையிலிருந்து ஒரு அம்மா குகனைப் போலவே கிடந்த தன் மகனைக் காரில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார். பூங்கோதை கையுறையைப் போட்டுவிட்டுப் பொழுது சாயும் வரை காத்திருந்தாள். டேங்க் நடுங்கியதே தவிர நகரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தன் ஆவலுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்று அன்றுதான் பூங்கோதைக்கு உறைத்தது. இதற்குமேல் பெரிய டாக்டர்கள் பார்க்கட்டும் என்று அதற்குப் பிறகு யாரையும் சேர்க்கவில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சுகந்தி, குகனின் மனைவி.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவன் விழுந்தான். இப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. குழந்தை இல்லை. குழாயில் ஊட்டுவது, துடைப்பது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். அவளை இப்படியே விடக்கூடாது என்று முதலில் பேசியவரே மயில்சாமிதான். திருப்பூரில் மனைவியை இழந்த ஒருவர், நல்ல மனிதர், சம்மதித்திருந்தார். விவாகரத்து வழக்கு முடிகிற நிலையில் இருந்தது. இந்தப் பேச்செல்லாம் நடந்ததும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துத்தான் பேசினார்கள்.

இப்போது உள்ளே ஆள் இருக்கிறது. சுகந்தி சோறு தண்ணி இல்லாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"நேரா கேட்டுரலாம் அம்மணி. இடமா வலமான்னு சொல்லட்டும்" என்றார் மயில்சாமி.

"கேக்க வேண்டாம் மாமா." சுகந்தி எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகினாள். "கேட்டா போன்னுதான் சொல்லுவாரு. பசிக்குதுன்னு கூட வாயத் தொறந்து சொல்லாத மனுசன். எல்லாரும் சுத்தி நின்னு கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாரு? கேக்காமத் தெரியோணும்."

"கேக்காம எப்படி?"

"உங்ககிட்டப் புடுங்கறாரில்ல? எங்கூட வெளையாடட்டும். எங்கிட்டயும் புடுங்குனா நான் எங்கயும் போகல. புடுங்கலைன்னா போறேன்."

பூங்கோதை குறுக்கிட்டாள். "சுகந்தி, இது நான் ஜங்ஷன் பாக்ஸ்ல ஒட்டுப்போட்டுப் பண்ணுனது. கோர்ட்டு இல்ல."

"கோர்ட்ல அவரு பேசலையேக்கா. இதுலதான் பேசறாரு."

பூங்கோதை பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

சுகந்தி கட்டிலுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். எப்போதும் அவள் உட்காரும் பக்கம் அதுதான். கையுறை ஒயரைக் குகனின் உடம்புக்கு மேலே சுற்றி இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அவளுக்கு விளையாடத் தெரியாது. டேங்கைச் சுவரில் முட்டிக்கொண்டே நின்றாள். குகனின் டேங்க் அவளுக்கு முன்னால் வந்து நின்று எதிரியின் குண்டையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டது. அதனால் அவனுடைய மூன்றும் சீக்கிரம் போய்விட்டன. அவளுக்கு இன்னும் இரண்டு மிச்சம். அந்த இரண்டு என்ற எண் திரையோரத்தில் மின்னத் தொடங்கியது. மின்னி முடிவதற்குள் பிடுங்குகிறவன் பிடுங்கலாம் என்று அர்த்தம்.

மூவரும் அதையே பார்த்தார்கள். எண் மின்னியது. மின்னி நின்றது. அவள் தனியாக ஆடித் தோற்றாள்.

மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அதே கதை. அண்ணனிடம் கண்ணிமைப்பதற்குள் பிடுங்குகிறவன், அவளிடம் ஒரு தடவைகூடப் பிடுங்கவில்லை.

சுகந்தி பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். குகனின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "சரிங்க" என்று அவனிடம் மட்டும் சொன்னாள். அப்புறம் சமையலறைக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். மயில்சாமி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனுசன்டா நீ" என்றார்.

சில நாட்கள் கழித்துப் பெட்டி பூங்கோதையிடம் திரும்பி வந்தது. சார்ஜ் ஏறவில்லையாம். சார்ஜர் சொருகுமிடம் தளர்ந்திருந்தது, நொடியில் சரிசெய்துவிட்டாள். மூடுவதற்கு முன், பழக்கதோஷம், மீட்டரை எடுத்துக் கையுறை ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இடம், வலம், மேலே, கீழே, சுடுவது. எல்லாவற்றுக்கும், அறுபடவில்லை என்று, மீட்டர் கூவியது. கடைசி ஒயருக்குக் கூவவில்லை.

பி பட்டன் ஒயர்.

வைண்டிங் கம்பி மோட்டாருக்குள் அசையாமல் இருக்கும்வரைதான் கெட்டி. அடிக்கடி வளைத்தால் மேல்பூச்சுக்கு உள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். இது பம்பு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும்தான் அதைப் போட்டாள், கைக்கு எட்டியது என்பதற்காக.

ஒயரைக் கட்டிலுக்கு மேலே சுற்றி இழுத்தது அவள் கண்முன் வந்தது. சுகந்தி ஆடிய அன்று காலையில்கூட மயில்சாமியிடம் பிடுங்கியிருந்தான். அவள் ஆடிய பிறகு யாரும் பிடுங்குகிற நிலைக்கு வரும்வரை ஆடவில்லை. அன்று சுகந்தியின் எண் மின்னிக்கொண்டிருந்தபோது ஒயர் நன்றாக இருந்ததா, ஒடிந்திருந்ததா? சிப்புக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான்.

நல்ல வளைகிற ஒயராகப் பார்த்து ஆறையும் மாற்றினாள். ஆறுக்கும் மீட்டர் கூவிய பிறகுதான் பெட்டியை மூடினாள்.

மறுநாள் மாலை மயில்சாமி கீழே கல்லாவில் இருந்தார். "மேல போங்க அம்மணி, டீ அனுப்பறேன்" என்றார். பூங்கோதை குகனுக்குக் கையுறையைப் போட்டுவிட்டு, தான் முதல் டேங்கை எடுத்துக்கொண்டாள். அவனுடைய மூன்றும் போகும்வரை ஆடினாள். அவளுடைய எண் மின்னத் தொடங்கிய உடனே அதில் ஒன்று குறைந்தது. பிடுங்கிவிட்டான். ஒயர் வேலை செய்கிறது.

ஆட்டத்தை அப்படியே விட்டு, எதிரிகள் இல்லாத மூலையில் தன் டேங்கை நிறுத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்றாள். இத்தனை நாளாக அவனைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன், அவனிடம் பேசியதே இல்லை என்று அப்போது தோன்றியது. "பி ஒயர் ஒடிஞ்சிருந்துச்சு. நான் போட்ட ஒயரு. என்ற தப்பு. சுகந்தி வெளையாடுன அன்னிக்கு ஒடிஞ்சிருந்துச்சான்னு எனக்குத் தெரியல. நீங்க அன்னிக்குப் புடுங்கப் பாத்தீங்களா?"

கீழே யாரோ அரை கிலோ மிக்சர் கேட்கும் சத்தம் வந்தது. டேங்க் இடப்பக்கம் நகர்ந்தது. சுவரில் போய் முட்டும்வரை நகர்ந்தது.

அவன் கை நீட்டியிருக்கிறான். இரண்டு ஆட்டத்திலும் நீட்டியிருக்கிறான். நடுவில் ஒரு முடி கனத்துக் கம்பி ஒடிந்துபோயிருக்கிறது. அவன் பெரிய மனிதன் என்று எல்லாரும் அவன் காலைப் பிடித்திருக்கிறார்கள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தீர்ப்பு இன்னும் வரல. நாம்போயி சுகந்திகிட்டச் சொல்லிர்றேன். என்ற தப்புன்னே சொல்லிர்றேன். சொல்லட்டுங்களா?"

டேங்க் திரும்பியது. வலப்பக்கம். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வந்து நின்றது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

அது நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு வலப்பக்கச் சுவரைச் சுட்டது. ஒவ்வொரு செங்கலாக உதிர்ந்தது. ஏன் என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது. இடத்தையும் வலத்தையும் வைத்துக்கொண்டு அவன் எப்படிச் சொல்லுவான்? அவளுடைய ஆவலுக்கு முதல்முறையாக வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தது.

படியில் கால் சத்தம். சுகந்தி டீத் தம்ளரோடு வந்தாள். காதில் புதுத் தோடு. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"வாங்கக்கா. பொட்டில என்ன கோளாறு?"

பூங்கோதை திரையைப் பார்த்தாள். டேங்க் வலப்பக்கமே நின்றுகொண்டிருந்தது.

"சார்ஜ் போடற ஓட்டை தளர்ந்திருந்துச்சு."

"வேற ஒண்ணும் இல்லீங்களே?"

"வேற ஒண்ணும் இல்ல."

சுகந்தி தம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். "குடுங்கக்கா, ஊட்டறதுக்கு இன்னும் நேரமிருக்குது. ஒரு ஆட்டம் போட்டர்றேன். என்னுங்க, வெளையாடலாமா?"

டேங்க் இடப்பக்கம் ஓடியது.

பூங்கோதை டீயைக் குடிக்க மறந்து நின்றாள். சுகந்தி இன்னும் சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தாள். குகனின் டேங்க் அவளுக்கு முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஒன்று போனது, இரண்டு போனது, மூன்றும் போனது. சுகந்தியின் எண் மின்னத் தொடங்கியது.

மின்னியது, மின்னியது, நின்றது. சுகந்தி தனியாக ஆடிக்கொண்டே போனாள்.

இந்த முறை ஒயர் நன்றாகத்தான் இருந்தது.